ஆமைப் பட்டியில் வெயிலும் குளவியும்

ஆமை என்றவுடன் நம் நாட்டவர் நினைவுக்கு வருவது அதன் அடக்கமே. புலன்களை அடக்கியவனுக்கு உவமை கூற வந்தபோது திருக்குறளும் பகவத்கீதையும் ஆமையையே எடுத்துக்காட்டின. ஆபத்து நேருங்கால் தலையையும் நான்கு கால்களையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு அசைவற்றிருக்கும் அப்பிராணியைக் காண்போர், இனி அதற்கு எவ்விதத் தீங்கும் நேராது என்று எண்ணுவது இயல்பு. நரியின் பல்லுக்கும் பருந்தின் நகத்துக்கும் எதிராக அவ்வோடு பெரும்பாலும் போதுமானதுதான். ஆனால், ஓட்டுக்குள் ஒடுங்குவதால் மட்டும் தப்ப முடியாத பகைகள் இரண்டு உள. ஒன்று கோடை வெயில், மற்றொன்று குளவி. திறந்தவெளியில் பட்டி அமைத்து நில ஆமைகளைக் காப்போர் இவ்விரண்டையும் எவ்வாறு எதிர்கொள்ள வேண்டும் என்பதை இங்கு ஆராய்வோம்.

எந்த ஆமையை வளர்க்கலாம்?

காக்கும் முறையைக் கூறுமுன், எதைக் காக்கலாம் என்பதைக் கூறுதல் கடமையாகும். ஓட்டின்மேல் மஞ்சள் விண்மீன் கோலம் பூண்ட நம் நட்சத்திர ஆமை, குஜராத்திலும் ராஜஸ்தானத்தின் சில பகுதிகளிலும், தென்னாட்டின் முட்புதர்க் காடுகளிலும், இலங்கையிலும் இயற்கையாக வாழ்வது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இதனைப் பிடிப்பதும், விற்பதும், வீட்டில் வளர்ப்பதும் குற்றம். 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் இதனை அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் வைத்து, மிக உயர்ந்த பாதுகாப்பை அளித்துள்ளது. நாடுகளுக்கிடையே இவ்வாமையை வாணிகம் செய்வதற்கும் 2019-இல் உலக உடன்பாட்டின் வாயிலாகத் தடை ஏற்பட்டது. “ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படா” என்பது பழமொழி. நட்சத்திர ஆமை புகுந்த வீட்டுக்கு இன்று சட்டத்தின் அலுவலரும் பின்னாலேயே வந்து சேர்வார். ஆதலின் பழமொழியின் இரு பகுதிகளும் ஒன்றாகிவிட்டன எனலாம்.

அப்படியாயின் திறந்தவெளிப் பட்டிகளில் ஆமைகளைக் காப்போர் யாவர்? மிருகக்காட்சிசாலையினர் ஒரு சாரார். கடத்தற்காரர்களிடமிருந்து மீட்கப்பட்ட ஆமைகளைப் பேணும் வனத்துறையின் மீட்பு நிலையங்கள் மற்றொரு சாரார். 2018-இல் சிங்கப்பூரிலிருந்து 51 நட்சத்திர ஆமைகள் கர்நாடகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. இத்தகைய ஆமைகளை வந்த அன்றே காட்டில் விட்டுவிட இயலாது. நோயற்றவை என்று உறுதி செய்து, மண்ணுக்கும் பருவத்துக்கும் பழக்கிய பின்னரே விடவேண்டும். அதுவரை அவற்றின் உயிர் பட்டியின் அமைப்பைப் பொறுத்ததே. மூன்றாவதாக, ஆப்பிரிக்காவின் சகாரா ஓரத்தைச் சேர்ந்த சல்காட்டா ஆமை போன்ற அயல்நாட்டு இனங்களை வைத்திருக்கும் இல்லத்தார் உள்ளனர். இவர்கள் 2024-ஆம் ஆண்டின் விதிகளின்படி அவற்றை அரசிடம் பதிவு செய்தல் வேண்டும். இம்மூவருக்கும் கீழ்வருவன பொருந்தும்.

ஓடு கவசம் அன்று

ஆமையின் ஓட்டை நாம் ஒரு பெட்டி போலக் கருதிவிடுகிறோம். உண்மையில் அது ஆமையின் உடலே. முதுகெலும்பும் விலா எலும்புகளும் விரிந்து ஒன்றோடொன்று பிணைந்து உண்டானதே மேலோடு. அதன்மீது, நம் நகத்திலுள்ள கெராட்டின் என்னும் பொருளாலாகிய தகடுகள் போர்த்தியிருக்கின்றன. ஓட்டினுள் இரத்த ஓட்டமும் உணர்ச்சியும் உண்டு. கொல்கத்தாவின் அலிப்பூர் மிருகக்காட்சிசாலையில் நூற்றாண்டுக்கும் மேலாக வாழ்ந்து, 2006 மார்ச்சில் இறந்த அத்வைதா என்னும் அல்டாப்ரா ஆமையை நேயர்கள் பலர் அறிந்திருக்கக்கூடும். சுமார் 250 கிலோகிராம் எடையுள்ள அப்பேராமையின் ஓட்டில் விரிசல் கண்டு, அதன் அடியில் புண் உண்டாகியிருந்தது. ஓடு உயிருள்ள உறுப்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

உயிருள்ள அவ்வோடு வெயிலில் சூடேறும். ஏறிய சூடு உள்ளுறுப்புகளுக்குச் செல்லும். மனிதன் வியர்வையால் உடலைத் தணித்துக்கொள்கிறான். நாய் நாக்கை நீட்டி இரைக்கிறது. ஆமைக்கு வியர்வை இல்லை. அதன் உடல் வெப்பம், அது இருக்கும் இடத்தின் வெப்பத்தையே தொடர்ந்து ஏறி இறங்கும். ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸ் அளவில் நில ஆமைகள் பல நன்கு மேய்ந்து உணவைச் செரிக்கின்றன. உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து நெருங்கிவிட்டது என்று கொள்ளவேண்டும். அந்நிலையில் ஆமை வாயைத் திறந்து நுரை தள்ளும். உமிழ்நீரால் கழுத்தையும் முன்கால்களையும் நனைத்துக்கொள்ளும். உடலில் சேமித்த நீரைச் செலவிட்டு உயிரைக் காக்க முயலும் கடைசி முயற்சி அது.

அப்படியானால் வெப்ப நாட்டு ஆமைகள் எவ்வாறு பிழைக்கின்றன? இடம் பெயர்ந்தே பிழைக்கின்றன. நட்சத்திர ஆமை கோடையில் விடியற்காலையிலும் மாலையிலும் மட்டுமே வெளியே வந்து, பகலெல்லாம் புதரின் அடியில் கிடக்கிறது. சல்காட்டா, மண்ணுக்குள் ஆழ்ந்த வளை தோண்டி அதனுள் பகலைக் கழிக்கிறது. இந்துமாக் கடலிலுள்ள அல்டாப்ரா பவளத் தீவில் பேராமைகள் காலையில் மேய்ந்து, வெயில் ஏறுமுன் அங்குள்ள சில மரங்களின் நிழலை நாடிச் சென்று நெருக்கிக்கொண்டு கிடக்கின்றன. உரிய நேரத்தில் நிழலை எட்டாத ஆமைகள் வெயிலில் மடிவதுண்டு. அந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்த ஆமைக்கும் இதுவே விதி. அதன் ஓடு அதற்கு நிழலாவதில்லை. அதன் கால்களே அதனை நிழலுக்குக் கொண்டு சேர்க்கின்றன.

இனி நாம் அதனைச் சுற்றிச் சுவர் எழுப்பும்போது நேர்வது என்ன என்பது விளங்கும். அதன் கால்கள் செல்லக்கூடிய தூரத்தை நாம் குறுக்கிவிடுகிறோம். ஆகவே அது தானே தேடிக்கொண்டிருக்கக்கூடிய புதரையும், வளையையும், ஈரத்தையும் சுவருக்குள்ளேயே அமைத்துத் தருதல் நம் பொறுப்பாகிறது. பட்டி அமைப்பதன் சாரம் முழுவதும் இவ்வொரு வாக்கியத்துள் அடங்கும்.

வானிலை அறிக்கையும் ஆமையின் மூக்கும்

“இன்று வெப்பம் 41 டிகிரி” என்று வானொலியில் கேட்கிறோம். அது எங்கே அளந்த வெப்பம்? தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் அளவுக்கு மேலே, வெயில் படாத, காற்று நுழையும் மரப்பெட்டிக்குள் வைத்த வெப்பமானி காட்டிய அளவு அது. ஆமையின் மூக்கோ தரையிலிருந்து நான்கைந்து சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெயிலில் கிடக்கும் வெறும் மணலின் மேற்பரப்பு, கோடை நடுப்பகலில் 60 டிகிரியைத் தாண்டுவது அரிதன்று. 2016 மே 19 அன்று ராஜஸ்தானத்தின் பலோதியில் 51 டிகிரி பதிவாயிற்று. அன்று அவ்வூர் மணலின் சூடு எத்தகையதாக இருந்திருக்கும் என்பதை நாமே உய்த்துணரலாம். எனவே பட்டியில் ஒரு வெப்பமானியை, நம் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் மாட்டாமல், ஆமை படுக்கும் இடத்தில் தரையோடு வைத்துப் பார்க்கவேண்டும். வெயிலில் ஒன்றும், நிழலில் ஒன்றும், வளைக்குள் ஒன்றுமாக மூன்று இடங்களில் பார்த்தால் பட்டியின் குறைநிறை தெரிந்துவிடும்.

சிமிட்டித் தளம், தகரக் கூரை, கண்ணாடித் தொட்டி ஆகிய மூன்றும் கோடையில் ஆமைக்கு ஆகாதவை. சிமிட்டி பகலெல்லாம் உண்ட சூட்டை இரவில் கக்கும். தகரம் வெயிலை மறைத்தாலும் அடியில் அனலை வீசும். கண்ணாடித் தொட்டியோ, வெயிலை உள்ளே விட்டுச் சூட்டை வெளியே விடாது. மேற்குச் சன்னலருகே வைத்த தொட்டியில் குஞ்சாமை சிறிது நேரத்திலேயே மடியக்கூடும். சிற்றுடல் விரைவில் சூடேறும் என்பதைக் குஞ்சுகளை வளர்ப்போர் மறத்தலாகாது. பேராமையின் உடல் மெல்லச் சூடேறும். ஆனால் ஏறிய சூடு மெல்லவே இறங்கும்.

நிழலும் வளையும்

நிழல்களுள் சிறந்தது மரநிழல். இலைகள் நீரை ஆவியாக்கிக் கொண்டேயிருப்பதால் மரத்தடி குளிர்ந்திருக்கிறது. மரம் இல்லாவிடத்துத் தென்னங்கீற்றுப் பந்தலோ, நாணற் கூரையோ தகரத்தைவிட நன்று. நிழல் போதுமா என்பதைத் தை மாதத்தில் பார்த்து முடிவு செய்தல் கூடாது. சூரியன் கோடையில் வடக்கே சாய்ந்து உதித்து, வடக்கே சாய்ந்து மறைகிறது. குளிர்காலத்தில் நிழலாக இருந்த மூலை மே மாதப் பிற்பகலில் வெயிலில் காயக்கூடும். மே மாதத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு எங்கே நிழல் விழுகிறதோ, அதுவே ஆமைக்குரிய நிழல்.

நிழலோடு வளையும் வேண்டும். பகல் வெப்பத்தின் ஏற்ற இறக்கம் மண்ணுக்குள் முப்பது சென்டிமீட்டர் செல்வதற்குள் பெரிதும் அடங்கிவிடுகிறது. அகன்ற மண்குழாய் ஒன்றையோ, இரண்டாகப் பிளந்த பெரிய சாலையையோ சாய்வாகப் புதைத்து, மேலே மண்ணைத் தடிப்பாகக் குவித்தால் நல்ல வளை ஆகும். வாயில் வடக்கு அல்லது கிழக்கு நோக்கி இருக்கட்டும். ஆமை உள்ளே திரும்பக்கூடிய அகலம் வேண்டும். ஆமைகள் பல இருந்தால் வளைகளும் பல வேண்டும். வலியது ஒன்று வாயிலை அடைத்துக்கொண்டால் மெலியது வெயிலில் நிற்கும்.

நம் நாடு முழுமைக்கும் ஒரே முறை பொருந்தாது. தில்லியிலும் ராஜஸ்தானத்திலும் அனற்காற்று வறண்டு வீசும். அங்கே வெட்டிவேர்த் தட்டியைக் கட்டி நீர் தெளித்தால், நீர் விரைந்து ஆவியாகித் தட்டிக்குப் பின்னுள்ள இடத்தைக் குளிரச் செய்யும். கொல்கத்தாவிலும் சென்னையிலும் கடற்காற்றின் ஈரம் மிகுதி. அங்கே நீர் எளிதில் ஆவியாகாது. தட்டியை நனைத்துக் கொண்டிருப்பதைவிட, காற்று தடையின்றி ஓடுமாறு பந்தலை உயர்த்திக் கட்டுவதே அங்குப் பயன் தரும்.

சுற்றுச்சுவர் கம்பிவலையாக இராமல், மறைப்பான சுவராக இருத்தல் நலம். வலைக்கு அப்பால் வெளி தெரிவதால், ஆமை அதையே முட்டி முட்டி வெயிலில் நடந்து களைக்கும். ஏற முயன்று மல்லாந்து விழவும் கூடும். ஆமையின் நுரையீரல் மேலோட்டை ஒட்டி அமைந்தது. மல்லாந்து கிடக்கும்போது ஏனைய உறுப்புகள் அதன்மேல் அழுந்தி மூச்சுக்கு இடர் தரும். வெயிலில் மல்லாந்த ஆமைக்கு நிழலை நாடக் கால் இருந்தும் பயனில்லை. ஆதலால் தளம் செங்குத்தான மேடுகளின்றி இருப்பதும், நாளில் பலமுறை எண்ணிப் பார்ப்பதும் இன்றியமையாதவை.

குளவி ஏன் வருகிறது?

இனிக் குளவியைக் காண்போம். குளவிகள் எல்லாம் பகை அல்ல. சுவரில் மண்ணைக் குழைத்துக் கூடு கட்டும் தனிக்குளவிகள் சிலந்தியையும் புழுவையும் வேட்டையாடுவன. தொந்தரவு செய்தாலன்றிப் பெரும்பாலும் கொட்டுவதில்லை. கவனிக்க வேண்டியவை கூட்டமாக வாழ்வன. மரநாரை மென்று காகிதம் போன்ற அறைகளைக் கட்டிக் கூரையின் அடியில் தொங்கவிடும் குளவிகள் ஒரு வகை. கதண்டு என்றும் கடந்தை என்றும் வழங்கும் பெருங்குளவிகள் மற்றொரு வகை. தேனீயின் கொடுக்கு குத்திய இடத்திலேயே தங்கிவிடும். குளவியின் கொடுக்கோ மீண்டும் மீண்டும் குத்தவல்லது. கூட்டை யாரேனும் அசைத்துவிட்டால் பல ஒருங்கே பாயும்.

ஆமையின் பட்டியை இவை நாடுவதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது நீர். கோடையில் இக்குளவிகள் நீரை வாயில் ஏந்திச் சென்று, கூட்டின் அறைகளின்மேல் துளித்துளியாக வைத்து, சிறகால் விசிறி ஆவியாக்குகின்றன. தில்லி இல்லத்தார் வெட்டிவேர்த் தட்டியால் செய்வதையே குளவி தன் கூட்டில் செய்துகொள்கிறது. ஆகவே வெயில் ஏற ஏற, நாம் ஆமைக்கு வைத்த தண்ணீர்த் தட்டின் விளிம்பில் குளவிகளும் கூடும்.

இரண்டாவது இனிப்பு. வளர்ந்த குளவி இனிய நீர்மங்களையே பருகி வாழ்வது. பிடித்த புழுக்களை மென்று கூட்டிலுள்ள தன் குஞ்சுகளுக்கு ஊட்டும். மாம்பழத்துண்டும் வாழைப்பழமும் பட்டியில் கிடந்தால் குளவிக்கு அது விருந்து. பழத்தோடு சேர்த்துக் குளவியையும் ஆமை கடித்துவிட்டால் கொட்டு வாயிலும் தொண்டையிலும் விழும். மூன்றாவது இடம். வெயிலுக்கென நாம் அமைத்த கீற்றுப் பந்தலின் அடிப்புறமும், வெறுமையாகக் கிடக்கும் மண்குழாயும், குளவி கூடு கட்டுவதற்கு மிக ஏற்றவை.

நிழலும் நீரும் வெயிலிலிருந்து ஆமையைக் காக்க நாம் வைத்தவை. அவையே குளவியையும் அழைக்கின்றன. இதனால் நிழலையும் நீரையும் குறைத்துவிட நினைப்பது பெரும் பிழை. அவற்றை வைக்கும் முறையைச் செம்மை செய்வதே வழி.

இரண்டும் சேரும்போது

குளவி கொட்டுமிடம் ஓடு அன்று. கண்ணிமை, கழுத்து, கால் இடுக்கு ஆகிய மென்மையான பகுதிகள். கொட்டுண்ட ஆமை என்ன செய்யும்? ஓடாது, பறவாது, ஓட்டுக்குள் ஒடுங்கி அசைவற்று நிற்கும். நிழலில் நின்றால் கேடில்லை. நண்பகல் வெயிலில், தண்ணீர்த் தட்டுக்கும் வளைக்கும் நடுவே நின்றுவிட்டாலோ, குளவியினின்று தப்புவதற்காக அது செய்த செயலே வெயிலுக்கு அதனை இரையாக்கும். ஆகவே நீர்த்தட்டையும் உணவையும் வெட்டவெளியில் வைக்காமல், நிழலிலேயே, வளையின் வாயிலுக்கு அணித்தாக வைக்கவேண்டும். இந்த ஒரு மாற்றம் செலவில்லாதது; ஆனால் உயிர் காப்பது.

ஏனைய காவல்களும் எளியவையே. தண்ணீர்த்தட்டு மண்ணால் ஆனதாகவும், தரைமட்டத்துக்குப் புதைந்ததாகவும், ஆமையின் தாடைக்கு மேல் நீர் எழாத ஆழமுள்ளதாகவும் இருக்கட்டும். நாள்தோறும் கழுவி நீரை மாற்றுக. ஒழுகும் குழாயைச் செப்பனிடுக. பட்டிக்கு வெளியே, ஆள் நடமாட்டமில்லாத தொலைவில், நனைத்த கோணிச்சாக்கு ஒன்றையோ கூழாங்கல் நிரப்பிய நீர்த்தட்டையோ கோடை தொடங்குமுன்பே வைத்துவிட்டால், குளவியும் தேனீயும் அதனை நாடிப் பழகக்கூடும்.

உணவில் பழத்தைத் தவிர்ப்பது இரட்டை நன்மை. நட்சத்திர ஆமையும் சல்காட்டாவும் புல்லும் இலையும் தின்று வாழும் உடலமைப்புடையவை. சர்க்கரை மிகுந்த பழம் அவற்றின் குடலுக்கு ஒவ்வாது. அறுகம்புல், செம்பருத்தி இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி மடல் போன்றவற்றை விடியற்காலையில் இட்டு, மிச்சத்தை வெயில் ஏறுமுன் அகற்றுக. நிழல் தரும் மரம் மாவோ, கொய்யாவோ, நாவலோ ஆயின், உதிர்ந்த கனிகளை அன்றன்றே பொறுக்கிவிடுதல் வேண்டும்.

மாசி முதல் வாரத்துக்கு ஒருமுறை பந்தலின் அடிப்புறத்தையும் வளையின் உட்புறத்தையும் பார்வையிடுக. வட நாட்டில் குளிர் நீங்கியபின் கூடு தொடங்கும். தென்னாட்டின் மிதமான பகுதிகளில் ஆண்டு முழுவதும் கூடு இருக்கக்கூடும். நான்கைந்து அறைகளோடு நிற்கும் புதுக்கூட்டை அந்திப் பொழுதில் நீண்ட கோலால் நீக்கிவிடலாம். பெரிய கூட்டையும் கதண்டுக் கூட்டையும் நாமே தொடலாகாது. பலமுறை கொட்டுண்ட மனிதர் இறந்ததுண்டு. ஆமைகளை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, தீயணைப்பு நிலையத்தார் போன்ற பயிற்சி பெற்றோரை அழைப்பதே முறை. பட்டிக்குள் பூச்சிமருந்து தெளித்தலோ, பந்தங்கொளுத்திக் கூட்டை எரித்தலோ வேண்டா. மருந்து புல்லில் படிந்து ஆமையின் வயிற்றுக்குள் செல்லும். தீயோ கீற்றுப் பந்தலையே பற்றும்.

ஆபத்து நேர்ந்தால்

வெயிலில் சோர்ந்த ஆமையை உடனே நிழலுக்கு எடுத்துச் சென்று, தாடைக்குக் கீழ் நிற்கும் அளவு ஆழமற்ற சாதாரண நீரில் வைத்துத் தலையைத் தாங்கிப் பிடிக்கவேண்டும். பனிக்கட்டி நீர் கூடாது. திடீர்க் குளிர்ச்சியும் தீங்கே. வாயில் நீரை ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் செல்லும். குளவி கொட்டியிருந்தால் நிழலில் வைத்து, குளிர்ந்த ஈரத்துணியை வீக்கத்தின்மேல் இடுக. தொண்டையும் வாயும் வீங்குகின்றனவா என்று கவனிக்கவேண்டும். மனிதருக்குரிய மருந்துகளை நாமாகத் தருதல் கூடாது. எவ்வாறாயினும் கால்நடை மருத்துவரிடம் காட்டுதல் அவசியம். தெளிந்ததுபோல் தோன்றிய ஆமை மறுநாள் மடிவதும் உண்டு. ஓட்டில் எண்ணெயோ வண்ணமோ பூசும் வழக்கம் சிலரிடம் உண்டு. அதனால் நன்மை ஏதும் இல்லை. ஓட்டில் விரிசலோ புண்ணோ கண்டால், ஈ மொய்க்குமுன் மருத்துவரை நாடுக.

நம் தோட்டத்தில் நட்சத்திர ஆமை தானாக வந்துவிட்டால், அதற்குப் பட்டி கட்ட முற்படாமல் வனத்துறைக்கு அறிவித்து ஒப்படைப்பதே கடமை. அருகிலுள்ள ஏதோ ஒரு காட்டில் நாமே விடுவதும் தவறு. அது எவ்விடத்து இனம், என்ன நோயுடையது என்பதை அறிந்தே விடவேண்டும்.

முறையாகப் பேணப்பட்ட நில ஆமை, பேணியவரைக் காட்டிலும் நெடுநாள் வாழவல்லது. அத்தகைய நீண்ட ஆயுள், கவனக்குறைவான ஒரு மே மாதப் பிற்பகலில் முடிந்துவிடுதல் தகாது. தன் விருப்பம்போல் நடந்து நிழல் தேடும் உரிமையைச் சுவர் எழுப்பி நாம் எடுத்துக்கொண்டோம். அதற்கு ஈடாக நிழலையும், வளையையும், குளவி மொய்க்காத நீரையும் அதன் காலடியிலேயே வைத்தல் நம் கடன்.